காற்று, கல், குறிப்பேடு

இலக்கியம் பேசுகிற இடங்களில் வீடியோ கேம் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு எதிர்வினைகள் வரும். ‘கண்தான் கெட்டுப்போகும்’ என்பது ஒன்று. ‘அதில் கதை என்று ஏதாவது உண்டா?’ என்பது இன்னொன்று. முதலாவதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. ஐம்பதைத் தொடப்போகும் வயதில், வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு நடுநிசி வரை விளையாடுகிறவன் நான். இரண்டாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லத் தோன்றுகிறது.

கதை உண்டு. ஆனால் அது வந்து சேரும் வழி வேறு. நாவலில் சொல் நம்மை நடத்திச் செல்கிறது, சினிமாவில் காட்சி. விளையாட்டில் நம்முடைய கை ஏதாவது செய்தாக வேண்டும். செய்தால்தான் அடுத்தது நிகழும். ஆகவே ஒரு விளையாட்டை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. இது என் கையை எதற்குப் பயன்படுத்தச் சொல்கிறது? சுடுவதற்கும் வெட்டுவதற்கும் மட்டும்தானா, அல்லது வேறு எதற்காவதுமா? அண்மை ஆண்டுகளில் ஆடியவற்றுள் மூன்று விளையாட்டுகள் இந்தக் கேள்வியோடு மனதில் தங்கிவிட்டன. மூன்றும் எங்கெங்கோ செய்யப்பட்டவை. ஆனால் திருநெல்வேலியில் உட்கார்ந்து ஆடும்போது ஒவ்வொன்றும் ஏதோ ஓரிடத்தில் இந்த ஆற்றங்கரையைத் தொட்டுவிடுகிறது.

முதலாவது ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’. சக்கர் பஞ்ச் என்ற அமெரிக்க நிறுவனம் 2020இல் வெளியிட்டது. கணினிக்கு 2024இல் வந்தது. 1274இல் மங்கோலியப் படை ஜப்பானின் சுஷிமா தீவில் இறங்கியபோது நடக்கும் கதை. ஜின் சகாய் என்ற சாமுராயாக நாம் தீவெங்கும் அலைகிறோம். இதுபோன்ற பரந்த நிலப்பரப்பு விளையாட்டுகளில் வழக்கமாகத் திரையின் ஓரத்தில் ஒரு வரைபடம், அதில் புள்ளிகள், போக வேண்டிய திசைக்கு ஓர் அம்புக்குறி என்று இருக்கும். ஆடுகிறவன் நிலத்தைப் பார்க்காமல் அம்புக்குறியைப் பார்த்தே ஓடுவான். இதில் அம்புக்குறிக்குப் பதிலாகக் காற்று. விரலை மேலே தள்ளினால் காற்று எழுகிறது. புல் ஒரு பக்கமாகச் சாய்கிறது, இலைகள் பறக்கின்றன. அவை போகும் திசையில் நாமும் போகிறோம்.

பொதிகையின் நிழலில் வளர்ந்தவனுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கத்தானே செய்யும்? நம் புலவர்கள் தென்றலுக்குப் பிறந்த வீடாகச் சொன்னது பொதிகையைத்தான். இளவேனிலின் தென்றலும், ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து குற்றாலத்தில் சாரலாக விழும் காற்றும் வேறுவேறு என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தோலால் தெரியும். அப்படித் தோலால் அறியும் ஒன்றைக் கண்ணாலும் விரலாலும் அறியவைத்தது அந்த விளையாட்டு.

குறையும் உண்டு. ஆங்காங்கே ஓரிடத்தில் அமர்ந்து, தரப்படும் வரிகளிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு ஹைக்கூ அமைக்கலாம். தனிக் கவிதையாக ஹைக்கூ நிலைபெற்றது அந்தப் போருக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து. ஆனால் நல்லது ஒன்றும் நடந்தது. 2020இல் வீசிய புயலில் உண்மையான சுஷிமா தீவில் ஒரு கோயிலின் தோரி வாசல் சரிந்தது. அதை எழுப்ப ஐம்பது லட்சம் யென் கேட்டார்கள். உலகெங்கும் இந்த விளையாட்டை ஆடியவர்கள் பணம் அனுப்பியதால் அதுபோல் ஐந்து மடங்குக்கும் மேல் சேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் அந்தத் தீவை நேரில் பார்த்திருக்கமாட்டார்கள். காற்றைத் தொடர்ந்து நடந்தவர்களுக்கு அது சொந்த ஊராகிவிட்டது போலும்.

இரண்டாவது, 2024 ஆகஸ்டில் வெளிவந்த ‘பிளாக் மித்: வூகோங்’. கேம் சயின்ஸ் என்ற சீன நிறுவனத்தின் ஆக்கம். பதினாறாம் நூற்றாண்டு நாவலான ‘மேற்கு நோக்கிய பயண’த்தின் குரங்கு வீரனை முன்வைத்துப் பின்னப்பட்டது. மூன்றே நாட்களில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. என்னை ஈர்த்தது அதன் கற்கள். சீனாவின் 36 பழைய இடங்களை அளந்து உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். அவற்றில் 27 ஷான்ஷி மாகாணத்தைச் சேர்ந்தவை. விளையாட்டு வெளிவந்த பிறகு அந்தக் கோயில்களைத் தேடி இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள்.

இந்த நாவலுக்கு வேர், ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த யுவான் சுவாங்கின் பயணம். தென்கோடியில் மலய மலைக்கு அருகே ‘பொதலகம்’ என்றொரு மலை இருப்பதாகவும், அவலோகிதேசுவரர் அங்கே உறைவதாகவும் அவர் எழுதிவைத்தார். அந்தப் பொதலகம் நம்முடைய பொதியில்தான் என்று வாதிட்டிருக்கிறார் தமிழ் கற்ற ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசகா. அகத்தியருக்குத் தமிழ் சொன்னவர் அவலோகிதரே என்கிறது பதினோராம் நூற்றாண்டின் வீரசோழியம். அவலோகிதரே சீனத்தில் குவான்யின் ஆகி, நாவலில் அந்தக் குரங்குக்கு வழிகாட்டுகிறார். ஹிகோசகா சொல்வது சரியென்றால், வூகோங்கின் காவல் தெய்வத்துக்கு வீடு பாபநாசத்துக்கு மேலே இருக்கிறது! இதை நினைத்துக்கொண்டு ஆடுவது ஒரு வேடிக்கையான இன்பம்.

ஆனால் கை? கை அங்கே சண்டை மட்டுமே போடுகிறது. புத்தர் சிலை கண்முன் நிற்க, பகைவனின் அடியிலிருந்து உருண்டு தப்புவதிலேயே கவனம் போய்விடுகிறது. திருச்செந்தூர் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம் கோயிலை நினைத்துக்கொண்டேன். நாயக்கர் காலத்துத் தூண்கள். கர்ணன், பீமன், புருஷாமிருகம், இளவரசனைத் தூக்கிச் செல்லும் குறத்தி. நான் போன நாட்களில் மண்டபத்தில் ஓரிருவருக்கு மேல் பார்த்ததில்லை. நாளை யாராவது அவற்றையும் அளந்து ஒரு விளையாட்டுக்குள் வைத்தால் கூட்டம் வரலாம். வரட்டும். ஆனால் கர்ணனின் கைநரம்பைப் பார்க்க நின்றால் முதுகில் அடிவிழும் என்றால், அந்தச் சிலை வெறும் திரைச்சீலைதான்.

மூன்றாவது ‘வெண்பா’. பெயரே தமிழ். கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31 அன்று வெளியிட்டது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதல் ஆக்கம் என்ற பரிசையும், தனிப்பட்ட சிறு குழுக்களின் ஆக்கங்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவில் முதன்மைப் பரிசையும் பெற்றது. எனக்கு இதைச் சொன்னவன் அமெரிக்காவில், டல்லாஸில் வளரும் என் தங்கை மகன். “மாமா, இத வெளையாடிப் பாருங்க. நம்ம வீடு மாதிரியே இருக்கு” என்றான். அவன் தமிழ் நன்றாகப் பேசுவான்; எழுத்து தெரியாது.

1980களின் இறுதியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் தம்பதியின் கதை. அவர்களுக்குக் கவின் என்று ஒரு மகன் பிறக்கிறான். வெண்பாவிடம் அவள் அம்மாவின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. தாள்கள் கிழிந்தும் கறைபட்டும் போயிருக்கின்றன. ஆட்டம் என்பது அந்தச் சிதைந்த குறிப்பை வைத்துச் சமைப்பதுதான். இட்லித் தட்டுகளை எப்படி மாற்றி அடுக்குவது, புட்டுக்குழலில் மாவும் தேங்காயும் எந்த வரிசையில் போவது என்று விடுபட்டதை நாம் ஊகிக்க வேண்டும். தவறினால் உயிர் போகாது, மதிப்பெண் குறையாது, மறுபடி செய்யலாம். பின்பகுதியில் வளர்ந்துவிட்ட கவின் அதே குறிப்பேட்டை எடுக்கிறான். இப்போது தாள் மட்டும் சிக்கல் இல்லை. அவனுக்குத் தமிழ் எழுத்தே தடுமாறுகிறது. ஒரே பக்கம் அம்மாவுக்கு ஒருவிதமாகவும் மகனுக்கு வேறுவிதமாகவும் சிதைந்திருக்கிறது. இதை ஒரு நாவலில் படித்திருந்தால் ‘பாவம்’ என்று கடந்திருப்பேன். இங்கே நானே அவனுடைய கையாக இருந்து, பாதி தெரிந்த சொல்லை வைத்து அடுப்பின் முன் நிற்க வேண்டியிருந்தது.

ஏடு தேடிய பழைய கதை இந்த நாட்டுக்குப் புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டுக்காக நெல்லைச் சீமையில் ஊர் ஊராக அலைந்ததையும், ஆழ்வார்திருநகரியில் கவிராயர்கள் வீடுகளில் சுவடிகளைப் புரட்டியதையும் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியது. இற்றுப்போன ஓலையில் ஓர் எழுத்தை வைத்துச் சொல்லையும், சொல்லை வைத்து அடியையும் மீட்கும் அந்த வேலைதான் வெண்பாவின் ஆட்டவிதி என்று சொன்னால் மிகை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்குக் காரணம் 2023 டிசம்பர்.

அந்த மாதம் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்குள்ள யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் பதிவானது. தாமிரபரணி கரைகடந்தது. சந்திப்புப் பகுதியில் இருக்கும் எங்கள் பழைய வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு அலமாரியின் அடித்தட்டிலிருந்து கிடைத்தவற்றில் அம்மாவின் குறிப்பேடும் இருந்தது. நீல மைப்பேனாவால் எழுதியது. பாதிப் பக்கங்களில் மை கரைந்து மேகம் போலப் பரவிவிட்டது. அம்மா காலமாகி அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.

ஓரளவு எழுத்து மிஞ்சியிருந்த பக்கங்களில் ஒன்று சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்துக்கு நெல்லையில் வைக்கும் அதே சொதி. பாசிப்பருப்பு, காய்கள், மூன்று தேங்காய்ப்பால், கூட இஞ்சித் துவையல். மூன்றாம் பாலில் காயை வேகவைப்பது வரை தெளிவாக இருந்தது. இரண்டாம் பாலுக்குப் பிறகு மேகம். கடைசியில் ‘எலு’ என்று இரண்டெழுத்து. எலுமிச்சை என்பது தெளிவு. எவ்வளவு, எப்போது என்பது போய்விட்டது.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் பெரியம்மாவிடம் போனேன். எண்பதைத் தாண்டியவர். “ஏல, அளவு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியுமா? சட்டியப் பாத்தா கை தானா போடும்” என்றார். சரி, செய்து காட்டுங்கள் என்றேன். முதல் பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கினார், கொதித்தால் திரிந்துவிடுமாம். சூடு சற்றுத் தணிந்த பிறகுதான் பழத்தைப் பிழிந்தார். அரை மூடிக்குச் சற்று அதிகம். ஸ்ரீவைகுண்டத்துச் சித்தியோ, அம்மா பழத்தைக் கலத்தில் பரிமாறும்போதுதான் பிழிவாள் என்று அடித்துச் சொன்னார். ஆற்றின் மேல்கரையில் ஒரு பாடம், கீழ்க்கரையில் ஒரு பாடம். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

வெண்பாவை மறுபடி ஆடியது அதற்குப் பிறகுதான். முதல் முறை அழகான சிறு புதிராகத் தெரிந்தது, இம்முறை அப்படித் தெரியவில்லை. அந்த ஆட்டத்தால் மணத்தைத் தர முடியாது, சூட்டைத் தர முடியாது, பெரியம்மாவின் கையையும் தர முடியாது. ஆனால் எழுத்து என்பது எப்போதுமே பாதிதான் என்பதையும், மீதியைக் கையால்தான் படிக்க வேண்டும் என்பதையும் அது தெளிவாகச் சொல்கிறது. சுவடியும் குறிப்பேடும் மட்டும் மிஞ்சினால் போதாது. செய்துபார்க்கிற ஒருவர் வேண்டும். எழுத்தறியாத மருமகனுக்கு அதை ஒரு விளையாட்டுதான் முதலில் சொல்லியிருக்கிறது. நாங்கள் யாரும் சொல்லவில்லை.

இப்போது குறிப்பேட்டைப் படி எடுத்துக்கொண்டிருக்கிறேன். படிக்க முடிந்தது கறுப்பு மையில். ஊகித்தது பகர அடைப்புக்குள். பெரியம்மா, சித்தி பாடங்கள் அடிக்குறிப்பில். பையனுக்காக ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து ஒலிப்பதிவும் செய்து அனுப்புகிறேன். போன வாரம் அழைத்தான். அங்கே டப்பாவில் விற்கும் தேங்காய்ப்பாலில் முதல் பால், இரண்டாம் பால் எல்லாம் கிடையாதாம். “தண்ணி கலந்து நானே மூணு வகையாப் பிரிச்சுக்கிட்டேன் மாமா. சரிதானே?” என்று கேட்டான். ‘டல்லாஸ் பாடம்’ என்று அடிக்குறிப்பில் அதையும் சேர்த்துவிட்டேன்.