திறப்பு ஒன்று ஊர்சுற்றிய கதை

பழைய கணினி அடிக்கடி மூச்சடைக்கத் தொடங்கியதால் சென்ற மாதம் புதிய மேசைக்கணினி ஒன்றை வாங்கினேன். நாற்பது வருடக் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்கும் வேலை அதற்குள்தான் நடக்கிறது. ஒவ்வொரு திருத்தத்தையும் நினைவில் வைத்திருக்கும் 'கிட்' என்ற மென்பொருளைப் பழக்கியவன் என் தங்கையின் மகன். 2005இல் லினஸ் ரொர்வால்ட்ஸ் நிரலாளர்களுக்காக எழுதியது அது. ஈய எழுத்துக் காலத்தில் ஒப்புநோக்கியவனுக்கு அதன் அருமை நன்றாகவே தெரியும்.

கட்டுரைகளின் பிரதி 'கிட்ஹப்' தளத்திலும் இருக்கிறது. கிட் வழியாக அங்கு அனுப்புவதற்குக் கணக்கின் கடவுச்சொல் 2021 ஓகஸ்ட் 13 முதல் செல்லாது. நான் 'எஸ்எஸ்எச்' திறப்புச் சோடியையே பயன்படுத்துகிறேன். பொதுத் திறப்பைத் தளத்திடம் கொடுக்கலாம். இரகசியத் திறப்பு நம் கணினியை விட்டு வெளியேறலாகாது. நானோ இரண்டையும் பென்ட்றைவில் ஏற்றிப் புதிய கணினிக்குக் கொண்டுவந்தேன்.

"அனுமதி மறுக்கப்பட்டது" என்றது கணினி. மூன்று மாலைப்பொழுதுகள் வீணாயின. முகவரியைச் சரிபார்த்தேன், பயனர் பெயரைச் சரிபார்த்தேன், பிழை எதுவும் அகப்படவில்லை. இறுதியில், நடப்பதை விரிவாகச் சொல்லும்படி எஸ்எஸ்எச் கட்டளையுடன் 'மைனஸ் வி' சேர்த்து இயக்கியபோது காரணம் வெளிப்பட்டது. இரகசியத் திறப்பின் அனுமதி எண் 0644. அதாவது, கணினியின் எல்லாப் பயனர்களும் அதைப் படிக்கலாம். அத்தகைய திறப்பை எஸ்எஸ்எச் தொடவே மாட்டாது. பென்ட்றைவின் 'ஃபாற்' அமைப்பு லினக்ஸின் அனுமதிகளைக் காவிச் செல்வதில்லை என்பதால் வந்த வினை. 'சிஎச்மொட்' கட்டளையால் எண்ணை 600 ஆக்கினேன். கதவு திறந்தது.

மகிழ்ச்சியுடன் மருமகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் மகிழவில்லை.

"மாமா, அந்தப் பென்ட்றைவ் இப்ப எங்க?"

அட்டைப்பட மாதிரியுடன் அதை அச்சகத்தில் கொடுத்திருந்தேன். திறப்புக்கு இரகசியச் சொற்றொடர்கூட இடவில்லை. செய்தி தந்தவர்களின் பெயர்களை ஆசிரியரிடமும் சொல்லாமல் காத்தவன் செய்த வேலை இது!

"அனுமதியைத் திருத்தினாப் போதாது. பழைய திறப்பைக் கணக்கிலயிருந்து நீக்குங்கோ. புதுக் கணினியில புதுச் சோடி உண்டாக்குங்கோ."

அன்றிரவே நீக்கினேன். புதிய சோடியை உருவாக்கி, சொற்றொடரும் இட்டு, பொதுத் திறப்பை மாத்திரம் தளத்தில் சேர்த்தேன். கட்டுரைகள் யாவும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. பென்ட்றைவ் மறுநாள் திரும்பி வந்தது. அதை யார் யார் திறந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.