இறுகும் ஹோஸ்

கார் என்ஜினைக் குளிர்விக்கும் நீரில் அழுத்தம் இருப்பது கோளாறு அல்ல, இருந்தாக வேண்டும். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சிட்டிருப்பது அதன் எல்லை, பார் அளவில். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 1 பார் அழுத்தம் கூடினால் ஏறத்தாழ 120 டிகிரி வரை தாங்கும். எல்லையை மீறும்போதுதான் ஹோஸ் கல்லாக இறுகுகிறது, ரிசர்வ் டேங்க் பொங்குகிறது.

களியக்காவிளையைத் தாண்டி பாறசாலை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை செல்லும் நெடுஞ்சாலையோரப் பட்டறைகளில் கே.எல். 19, கே.எல். 20 வண்டிகளோடு மார்த்தாண்டத்து டி.என். 75 வண்டிகளையும் பார்க்க முடிந்தது. 1956 நவம்பர் 1 அன்று மார்த்தாண்டப் பக்கத்து விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பட்டறைப் பேச்சில் அந்த எல்லை விழவில்லை. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் இரு பக்கத்தாருக்கும் மூத்த மெக்கானிக் ‘ஆசான்’தான்.

ஆசான் ஸ்பானரை எடுப்பதற்கு முன் கேட்பது: “காலையில ஸ்டார்ட் பண்ணுன உடனே இறுகுதா, ஓடி வந்த பிறகா?” பாதி நோய் இந்தப் பதிலில் தெரிந்துவிடும். நீர் சூடாகாமலே, ஓரிரு நிமிடத்தில் ஹோஸ் இறுகினால் அது வெப்பத்தின் வேலை அல்ல; சிலிண்டரில் எரிந்த வாயு நீருக்குள் புகுகிறது. எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் 40 பாருக்கு மேலும் அழுத்தம் எழும். ஹெட் கேஸ்கெட்டில் மயிரிழை வழி கிடைத்தாலும் போதும். ஓடிய பிறகே ஏறுகிறதென்றால் ஃபேன், தெர்மோஸ்டாட், அடைத்த ரேடியேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஆறிய என்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்பதால்தான் வண்டியை இரவு பட்டறையில் விட்டுப் போகச் சொல்கிறார்கள். அவசரப்பட்டு ஹெட்டை இறக்குபவரைவிட இப்படிக் காத்திருப்பவரையே நம்பலாம். சூடான மூடியைத் திறந்தால் அடங்கியிருந்த நீர் அந்தக் கணமே ஆவியாகச் சீறும். முகமும் கையும் வெந்துபோகும்.

முதலில் மாற்றிப் பார்ப்பது மூடியைத்தான், செலவு குறைந்தது அதுவே. அதிலுள்ள அழுத்த வால்வு சிக்கினால் மிகை நீர் வெளியேறாது. வெற்றிட வால்வு சிக்கினால், ஆறிய பின் ஹோஸ் சப்பிப்போகும். அடுத்து, ஆறிய என்ஜினில் மூடியைக் கழற்றி ஓடவிட்டுக் குமிழ்களைக் கவனிப்பார்கள். நிற்காமல் வந்தால் சோதனைத் திரவம்: ரேடியேட்டர் வாயிலிருந்து இழுக்கும் காற்றில் கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். டீசல் வண்டியில் அந்த வாயு குறைவாக இருக்கும் என்பதால், நிறம் மாறாததை மட்டும் வைத்து கேஸ்கெட் நன்று என்று தீர்க்க முடியாது.

எந்த சிலிண்டர் என்று காட்டுவது கம்ப்ரெசர் காற்று. பெட்ரோல் வண்டியில் பிளக்கைக் கழற்றி, பிஸ்டனை உச்சத்தில் வால்வுகள் மூடிய நிலையில் நிறுத்திக் காற்றைச் செலுத்தினால், பழுதான சிலிண்டரின் முறையில் ரேடியேட்டரில் குமிழ் எழும்.

அதன் பிறகே ஹெட் இறங்குகிறது. நேர்விளிம்புக் கோலையும் ஃபீலர் கேஜையும் வைத்து வளைவை அளப்பார்கள். பல அலுமினிய ஹெட்டுகளுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் எல்லை. மிஞ்சினால் லேத்துக்குப் போகும். உப்பேறிய தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் நீர்த்துளைகளின் ஓரம் அரித்திருக்கும். பொழியூர், பூவார்க் கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிகளுக்குக் கிணற்றுநீர் வேண்டாம், கூலண்ட் போதும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, டார்க் ரெஞ்சால் படிப்படியாக இறுக்கி, உள்ளே தங்கிய காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகே வண்டி சாலைக்குப் போகும்.