நுழைவதும் பொருந்துவதும்

"கடையில் தோட்டா கிடைக்கும்போது எவராவது வீட்டில் உட்கார்ந்து அடைப்பார்களா?" என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். தேசிய மாணவர் படையில் சுடப் பழகியவர் அவர். "என் தாத்தா அடைத்தார்" என்றேன். அந்தக் காரணத்தை நம் மலரின் அன்பர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

கூடலூர்ப் பக்கம் எங்களுக்குச் சிறு தோட்டம் உண்டு. தாத்தாவிடம் முறையான உரிமத்தோடு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. பர்மிங்ஹாமில் செய்தது. குழலடியில் 'நாட் ஃபார் பால்' என்ற முத்திரை இருக்கும். நுனி ஒடுங்கிய குழல்களுக்கு 1875 முதல் 1887 வரை இட்ட முத்திரை அது. ஆகவே துப்பாக்கி தாத்தாவுக்கும் மூத்தது! இரும்பையும் எஃகையும் முறுக்கிப் பற்றவைத்த குழல். பாம்புத் தோல்போல் வரி ஓடும்.

தாத்தா தோட்டா அடைக்கும் நாளில் வீட்டில் பேச்சுக்கு இடமில்லை. அடுப்பு அணைந்திருக்கும். யாராவது கூப்பிட்டுவிட்டால் அளந்த மருந்தைத் திரும்பக் கொட்டி, முதலிலிருந்து தொடங்குவார். பித்தளைக் கூடுகளைப் பலமுறை பயன்படுத்தலாம். அதனால் காசு மிச்சம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும். ஒரு நாள் இரவு காட்டுப் பன்றிகள் மரவள்ளியில் இறங்கிவிட்டன. வெடிச் சத்தத்தால் விரட்டலாமென்றால் தாத்தாவின் தோட்டா தீர்ந்திருந்தது. பக்கத்துத் தோட்டத்து மாமா இரண்டு புதுத் தோட்டாக்களைக் கொடுத்தார். ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. "சரியாக இருக்கிறது தாத்தா, சுடுங்கள்!" என்று கெஞ்சினேன்.

அவர் அதை வெளியே எடுத்தார். கை நடுங்கியது. "நுழைந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று ஆகுமா, தம்பி?" என்றார்.

அன்றிரவு தகர டப்பாவைத் தட்டியே விடிந்தது. மரவள்ளியில் பாதி போயிற்று.

மறுநாள் விளக்கினார். அந்தக் குழல் கரிமருந்துக்கென்று செய்தது. புகையில்லா மருந்துக்குச் சோதித்த முத்திரை அதில் இல்லை. புது மருந்தின் அழுத்தத்தில் குழல் பிளக்கலாம். பிடித்திருக்கும் இடக்கை போய்விடும். மேலும், பழைய அறை இரண்டரை அங்குலம். புதுத் தோட்டா இரண்டே முக்கால். வாய் மடித்திருப்பதால் எளிதில் நுழையும். சுடும்போது மடிப்பு விரிந்து அறையைத் தாண்டும். அழுத்தம் இன்னும் ஏறும்.

இன்று புத்தம்புது ரைபிள் வைத்திருக்கும் போட்டி வீரர்களும் பல நாடுகளில் தாமே அடைக்கிறார்கள். ஒரே தொழிற்சாலையில் பிறந்த இரண்டு துப்பாக்கிகளுக்கும் ஒரே தோட்டா ஒத்துவருவதில்லை. தம்முடையதற்கு ஏற்றதைத் தேடி எடைபோடுகிறார்கள். கைனாக் நிறுவனம் 1960-களில் யானை வேட்டை ரைபிள்களுக்கான தோட்டாக்களைக் கைவிட்டபோது, அவற்றை வைத்திருந்தோருக்கும் கைவேலையே கதியாயிற்று.

தாத்தா மறைந்ததும் அப்பா துப்பாக்கியைச் சட்டப்படி ஒப்படைத்துவிட்டார். மருந்து அளந்த பித்தளைக் கிண்ணம் மட்டும் என் விடுதி மேசையில் இருக்கிறது. ஊரெல்லாம் புகழும் ஒன்றை நானும் அவசரமாக ஏற்கப் போகும்போது, கண் அதன்மேல் படும். தாத்தாவின் கை நடுங்கியது நினைவுக்கு வரும். சற்றே நின்று, எனக்கு அது பொருந்துமா என்று பார்க்கிறேன்.