கரியாலூர்: பலகை இல்லாத காட்டின் காவலர்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் சாலையின் இருபுறமும் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் மாறிமாறி வரும். ஊரைத் தாண்டினால் கோமுகி அணை. கரையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை. அங்கிருந்து பேருந்து மூச்சு வாங்கியபடி ஏறத் தொடங்கும். வளைவுக்கு வளைவு வெயில் தணியும். மழைக்காலமானால் வழியில் பெரியார் நீர்வீழ்ச்சியின் இரைச்சல் கேட்கும். ஏற்றம் முடிந்து சாலை சற்றே சமப்படும் இடத்தில் இருக்கிறது கரியாலூர்.

ஊர் பெரிதல்ல. வனத்துறை ஓய்வு விடுதி, காவல் நிலையம், சிறுவர் பூங்கா, படகு விடும் ஏரி, சில தேநீர்க் கடைகள், வெள்ளிமலைக்குப் பேருந்து எதிர்பார்த்து நிற்கும் சனங்கள். வட்டத் தலைநகரம் வெள்ளிமலைதான் என்றாலும், வெளியூர்க்காரர்களுக்குக் கல்வராயன் மலை என்றால் கரியாலூர்தான் நினைவுக்கு வரும். மாவட்ட நிர்வாகம் நடத்தும் கோடை விழாவும் இங்கேதான். வருகிறவர்கள் படகில் ஒரு சுற்றுச் சுற்றி, அருவியில் குளித்து, படம் எடுத்துக்கொண்டு பொழுது சாயும் முன் இறங்கிவிடுகிறார்கள். ஏரியைச் சுற்றி நிற்கும் காட்டை யார் காக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியோடு இந்த ஊரை அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. வடக்கே ஜவ்வாது மலை, மேற்கே சேர்வராயன் மலை, தெற்கே பச்சைமலை. ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பு. பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே வாழும் மக்கள் மலையாளிகள். கேரளத்தோடு தொடர்புடைய பெயர் இல்லை இது. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்தது. பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகளாகக் கிளம்பி வந்து மலைகளைப் பங்கிட்டுக்கொண்டோம் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. அரசின் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றவர்கள்.

இந்த மலையின் வரலாறு நம்மில் பலருக்குத் தெரியாது. நாடு 1947இல் விடுதலை பெற்ற பிறகும் இங்கே ஜாகீர்தார் ஆட்சி தொடர்ந்தது. சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்று மூன்று ஜாகீர்தார்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த மானியம் என்று சொல்லிக்கொண்டு வரி தண்டினார்கள். கூலியில்லாமல் வேலை வாங்கினார்கள். அரசு இந்த மலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது 1976இல்தான். மற்ற ஊர்களுக்குக் கிடைத்த சாலையும் பள்ளியும் பட்டாவும் இங்கே ஒரு தலைமுறை பிந்தித்தான் ஏறிவந்தன. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது 2024 ஜூலையில். மலை மக்களுக்குச் சாலையும் மருத்துவமும் கிடைக்க நீதிமன்றம் பேச வேண்டியிருந்தது என்பதே இந்த ஊரின் நிலையைச் சொல்லும்.

இத்தனை காலமும் அவர்களுக்குச் சோறு போட்டது காடும் மேட்டு நிலமும். சாமை, தினை, கேழ்வரகு பழைய பயிர்கள். மரவள்ளி பிறகு வந்து பரவியது. காட்டிலிருந்து தேன், நெல்லி, புளி. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடுக்காய். சித்த மருந்துக்கும் தோல் பதனிடவும் சாயத்துக்கும் வேண்டிய காய். மரத்தை வெட்டாமல் காயை மட்டும் எடுத்துப் பிழைக்கலாம் என்பதைக் கடுக்காய் மரம் இந்த மக்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. எந்த மரம் எப்போது காய்க்கும், எந்தப் பாறையிடுக்கில் தேன் கட்டும், எந்தத் தடம் கரடியுடையது, எது பன்றியுடையது என்பதெல்லாம் அவர்களுக்கு நடை பழகும்போதே வந்து சேரும் அறிவு.

இந்தக் காடு மலைக்கு மட்டும் சொந்தமானதில்லை. கோமுகியும் மணிமுத்தாறும் இங்கேதான் பிறக்கின்றன. கோமுகியைக் கச்சிராயபாளையத்தருகே 46 அடி உயர அணை தடுத்து வயல்களுக்கு அனுப்புகிறது. மிஞ்சிய நீர் மணிமுத்தாற்றோடு கூடி, விருத்தாசலம் கடந்து, வெள்ளாற்றில் கலந்து பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. கரியாலூர்க் காட்டில் இலைமேல் விழும் துளி எத்தனை ஊர்க் கிணறுகளைத் தொட்டுப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். மலை மொட்டையானால் முதலில் காய்வது கீழே இருக்கும் நம் வயல்தான்.

அப்படிப்பட்ட காட்டுக்குப் பகை குறைவில்லை. சந்தன மரங்களைக் கடத்தல்காரர்கள் ஒருபுறம் வெட்டினார்கள். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறை இந்த மலையில் திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டியிருக்கிறது. பயிரைக் காக்க வைத்திருக்கிறோம் என்பார்கள். அந்தத் துப்பாக்கிக்குப் பன்றியும் ஒன்றுதான், மானும் ஒன்றுதான். ஓடைக்கரைகளில் சாராய ஊறல் போடுவது இன்னொரு புண். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனபோது, நாடே இந்த மாவட்டத்தின் பக்கம் திரும்பியது. மலையில் பிழைப்புக்கு வழி என்ன என்ற கேள்வி அப்போதுதான் உரக்க எழுந்தது.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட மலைகளைச் சேர்ந்த மலையாளிகள் அவர்களில் பலர். கல்வராயன் மலைக்காரர்களின் உறவினம். காட்டில் வழி தெரிந்தவர்கள், மரம் அறிந்தவர்கள், சுமை தூக்கிச் சரிவில் நடக்க வல்லவர்கள் என்பதால்தான் கடத்தல்காரன் அவர்களைத் தேடி வருகிறான். அவர்களுடைய காட்டறிவுக்கு அவன் ஒரு விலை வைத்திருக்கிறான். அதே அறிவைக் காட்டைக் காக்கும் பக்கம் அழைத்து, அதற்குக் கூலியும் மரியாதையும் தர நாம் என்ன செய்தோம்?

கல்வராயன் மலை காப்புக்காடு; சரணாலயம் இல்லை. முதுமலைக்கும் ஆனைமலைக்கும் இருப்பதுபோல வாசலில் பெரிய பலகை கிடையாது. ஆனால் அந்தச் சரணாலயங்கள் பலகையால் பிழைக்கவில்லை. வாழ்நாளைக் கொடுத்த மனிதர்களால் பிழைத்தன. கரியாலூர் அவர்களை அறிந்துகொள்ள வேண்டும்.

ஆனைமலையின் டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை இருக்கிறது. கப்பலுக்கும் ரயில் பாதைக்கும் தேக்கை வெட்டி வெட்டி மலை மொட்டையாகிக் கிடந்த காலத்தில் அங்கே வந்தவர். வெட்டினாலும் அடிமரம் மறுபடி துளிர்க்கும்படி வெட்டும் முறையை வலியுறுத்தினார். சட்டைப்பை நிறையத் தேக்கு விதையோடு நடப்பார். கைத்தடியால் மண்ணைக் குத்தி விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். 1933இல் இறந்தபோது, அவர் விரும்பியபடியே அந்தத் தேக்குகளுக்கு நடுவில் புதைத்தார்கள். என்னைக் காண வேண்டுமென்றால் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் கல்லறையில் ஒரு லத்தீன் வரி. சந்தனம் இழந்த கல்வராயன் மலைக்கு இந்தக் கதை மிகவும் வேண்டியது. போன காடு திரும்பி வரும். அதற்கு ஒரு மனிதர் தினமும் நடக்க வேண்டும்.

‘கரி’ என்றால் பழந்தமிழில் யானை என்றும் பொருள். ஊர்ப்பெயருக்கும் யானைக்கும் உறவு உண்டென்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் கரியாலூர் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி நினைவுக்கு வருவார். முதுமலையிலும் டாப்ஸ்லிப்பிலும் தமிழக வனத்துறையின் கால்நடை மருத்துவராக இருந்தவர். காட்டில் யானை செத்துக் கிடந்தால் எரித்தோ புதைத்தோ கணக்கை முடித்துவிடாமல், பிரேதப் பரிசோதனை செய்தே தீர வேண்டும் என்று நின்றவர். அழுகிய உடலுக்குள் இறங்கித் துப்பாக்கிக் குண்டைத் தேடி எடுத்து, இது சாவு அல்ல, கொலை என்று காட்டியவர். முகாம் யானைகளின் உணவுக்கும் எடைக்கும் ஓய்வுக்கும் ஒழுங்கு கொண்டுவந்தவர். 2002 டிசம்பரில் காலமானார். ஜெயமோகன் ‘அறம்’ தொகுப்பில் எழுதிய ‘யானை டாக்டர்’ கதையால் அவர் தமிழ் வீடுகளுக்குள் வந்தார். அந்தக் கதை பதினோராம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலிலும் இடம்பெற்றது. கல்வராயன் மலைப் பள்ளிப் பிள்ளைகள் கரடிக்கும் மானுக்கும் நடுவில் இருந்துகொண்டு அதைப் படிக்கிறார்கள். நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் அறிவிப்பு செய்ய முடியாததை அந்தக் கதை ஒரு பிள்ளையின் மனதில் செய்துவிடக்கூடும்.

இவர்கள் இருவரும் அதிகாரிகளாக வந்தவர்கள். காட்டின் மக்களே காவலர்களான கதையும் தமிழ்நாட்டில் உண்டு. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் ஒரு காலத்தில் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பிழைப்பு நின்றது. பாம்பியலாளர் ரோமுலஸ் விட்டேகர் துணையோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விட்டார்கள். அந்த விஷத்திலிருந்து செய்த மருந்து நாடெங்கும் பாம்புக்கடிபட்டவர்களின் உயிரைக் காக்கிறது. அந்த இருளர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது. உயிரெடுக்கப் பயன்பட்ட அதே அறிவு, உயிர் காக்கப் பயன்பட்டதற்குக் கிடைத்த மரியாதை.

அதே ஆண்டு மார்ச்சில் முதுமலை தெப்பக்காடு யானை முகாமின் பொம்மனையும் பெள்ளியையும் உலகமே பார்த்தது. தாயைப் பிரிந்த ரகு என்ற யானைக்குட்டியைப் பிள்ளைபோல வளர்த்த காட்டுநாயக்கர் தம்பதி. அவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் பெற்றதும் பாராட்டு குவிந்தது. தமிழக அரசு அவர்களோடு நின்றுவிடாமல், தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களில் வேலை செய்யும் 91 பேருக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் அறிவித்தது. வீடு கட்டவும் நிதி ஒதுக்கியது. ஆகஸ்டில் பெள்ளி தமிழ்நாட்டின் முதல் பெண் காவடியாக, அதாவது யானைப் பாகனின் உதவியாளராக, பணி ஆணை பெற்றார். பொன்னாடை ஒரு நாளில் கசங்கிவிடும்; பணி ஆணை அடுப்பெரிக்கும். ஒருவரைக் கௌரவிப்பது என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

மறுபடியும் கரியாலூருக்கு வருவோம். இங்கேயும் வனக் காப்பாளர்கள் இருக்கிறார்கள். கோடையில் சருகில் தீப்பிடித்தால் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள். இரவில் மலைமேல் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எழுந்து போகிறவர்கள். யானையோடு படம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு இல்லாத காடு என்பதால் அவர்களைத் தேடிக் காமிரா வருவதில்லை. வேட்டைக்காரனும் காட்டைக் கெடுப்பவனும் சில நேரம் சொந்த ஊர்க்காரனாகவே இருப்பான். அவனைத் தடுத்துவிட்டு மறுநாள் அதே தேநீர்க் கடையில் அவன் முகத்தில் விழிக்க வேண்டும். காவலில் மிகக் கடினமானது இதுதான்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 11 தேசிய வனத் தியாகிகள் நாள். 1730இல் ராஜஸ்தானின் கேஜர்லி கிராமத்தில் வன்னி மரங்களைக் கட்டிப்பிடித்து நின்று உயிர்விட்ட அமிர்தா தேவி உள்ளிட்ட 363 பிஷ்னோய் மக்கள் நினைவுகூரப்படும் நாள். அந்த நாளில் கரியாலூர் ஏரிக்கரையில் ஊர்க்கவுண்டர்களும் மூப்பர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கூடட்டும். கோடை விழா மேடையில் பாட்டுக்கும் நடனத்துக்கும் நடுவே ஒரு மணி நேரத்தை, இந்த மலையில் பிறந்து இந்தக் காட்டைக் காக்கும் ஒருவருக்குக் கொடுக்கட்டும். அவர் பெயரைப் பிள்ளைகள் கேட்கட்டும். சால்வையோடு அவருடைய வேலைக்கு நிரந்தரமும் கிடைக்கட்டும். வேட்டைத் தடுப்புக் காவலர் பணிக்கு மலையாளி இளைஞர்களையும் பெண்களையும் முதலில் எடுக்கட்டும். செம்மரக் கடத்தல்காரன் வந்து அழைக்கும் முன் அரசு அழைத்துவிட வேண்டும்.

கரியாலூருக்குப் போக நினைப்பவர்களுக்கு: ரயிலில் வந்தால் சின்னசேலத்தில் இறங்கலாம், அங்கிருந்து கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் வழியாக மலையேறலாம். அருவிகளில் தண்ணீர் பார்க்க மழைக்குப் பிந்திய மாதங்கள் நல்லவை. கண்ணாடிப் புட்டியையும் பிளாஸ்டிக்கையும் அங்கே விட்டு வராதீர்கள். குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். மலைத்தேனும் சாமையும் கடுக்காயும் எடுத்தவர், விளைவித்தவர் கையிலேயே வாங்குங்கள். வழியில் காக்கிச் சட்டையோடு ஒரு வனக் காப்பாளர் நின்றால் வண்டியை நிறுத்தி அவர் பெயரைக் கேளுங்கள், ஒரு வணக்கம் சொல்லுங்கள். நம் வயலுக்கு வரும் தண்ணீர் அவர் காக்கும் காட்டிலிருந்துதான் வருகிறது.