திரையா, கேபிளா?

கணினித் திரை மினுங்கினால் முதலில் கிடைக்கும் தீர்ப்பு "டிஸ்ப்ளே போச்சு" என்பதுதான். அன்னவாசலில் அக்கா மகளின் மடிக்கணினிக்கும் கடைக்காரர் அதையேதான் சொன்னார். 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவளுக்கு வந்தது அது. வங்கித் தேர்வுக்கு அதில்தான் படிக்கிறாள். புதுத் திரை போடப் பணமில்லை. "வித்துடலாமா மாமா?" என்றாள்.

பழுது தேடுவதென்றால் சந்தேகத்தைப் பாதி பாதியாக வெட்டுவது. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். மற்றதெல்லாம் மினுங்க, அது மட்டும் அசையாமல் நின்றால் ஏதோ ஒரு செயலியின் வேலை. அதுவும் சேர்ந்து மினுங்கினால் டிஸ்ப்ளே டிரைவர் மேல் சந்தேகம் விழும்.

இங்கே அதுவும் மினுங்கியது. ஆனால் விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே, பயாஸ் திரையிலும் மினுங்கியது. அங்கே விண்டோஸின் டிரைவருக்கு வேலையே இல்லை. எச்டிஎம்ஐ வழியாக வீட்டு டிவியில் இணைத்தோம். படம் ஆடாமல் நின்றது. கிராபிக்ஸ் சிப்பும் தப்பியது. மிச்சம் திரையும் அதற்குப் போகும் கேபிளும்தான். மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தேன். ஒரு கோணத்தில் மினுங்கல் நின்றது, இன்னொன்றில் துடித்தது. கீலுக்குள் மடங்கி மடங்கி கேபிள் நைந்திருந்தது.

புதுக்கோட்டையில் கேபிளை மட்டும் மாற்றினோம். கடைக்காரர் ஏமாற்றியதாக நினைக்கவில்லை. பொருளை மாற்றினால்தான் காசு. தேடும் நேரத்துக்கு யார் கூலி தருகிறார்கள்?

இப்போது தெருவில் யார் கணினி மினுங்கினாலும் அவளிடம்தான் வருகிறார்கள். "மொதல்ல பயாஸ்ல பாப்போம்" என்கிறாளாம்.