ரத்தம் கொடுத்த சாந்த்ராகாச்சிக்கு

சாந்த்ராகாச்சி,
ஹவுரா.

எங்கள் பாடாவின் (பேட்டையின்) கிளப் தம்பிகளுக்கும், எதிர்வீட்டுக் காகிமாவுக்கும் (சித்திக்கும்), டோட்டோ என்னும் பேட்டரி ரிக்ஷா ஓட்டும் தாதாவுக்கும் (அண்ணனுக்கும்), ரத்ததான முகாமில் கை நீட்டிப் படுத்த பெயர் தெரியாத எல்லாருக்கும்,



இந்த மடலை உங்களில் ஒருவராலும் படிக்க முடியாது. தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். நன்றி சொல்ல நான் வாயெடுத்தபோதெல்லாம், "அது கிடக்கட்டும் பௌதி (அண்ணி), பாப்பா சாப்பிட்டாளா?" என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள். எனக்கும் உங்கள் மொழி மீன் வாங்கவும் காய் வாங்கவும் போதும். நெஞ்சில் இருப்பதைச் சொல்லப் போதாது. அதனால் என் மொழியில் சொல்கிறேன். நீங்கள் செய்ததை என் ஊர்க்காரர்கள் படிக்கட்டும்.

அவர்களுக்குச் சாந்த்ராகாச்சி என்றால் ரயில் பலகையில் பார்த்த ஒரு பெயர். அந்த ரயில் நிலையத்தை ஒட்டியே பெரிய ஏரி ஒன்று இருப்பதும், குளிர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கில் சீழ்க்கைச்சிறகிகள் அங்கே வந்து இறங்குவதும், அவை உட்காரத் திட்டுத்திட்டாக விட்டுவிட்டு மீதி ஆகாயத்தாமரையை அள்ளி எடுப்பதும் அவர்களுக்குத் தெரியாது. இந்த ஊர்ச் சேனைக்கிழங்குக்கு வங்காளம் முழுக்கப் பேர் உண்டு என்பதும் தெரியாது. கணவருக்கு ரயில்வே வேலை. மாற்றலாகி வந்து சாமான் பிரிக்கும் முன்பே காகிமா ஒரு துண்டுச் சேனையோடு வாசலில் நின்றார். உறவு அங்கே தொடங்கியது.

எங்கள் மகள் இந்த ஊரில்தான் பிறந்தாள். பால் குடிக்கத் தொடங்கினால் நெற்றி வேர்த்துவிடும். பாதியில் களைத்துத் தூங்கிவிடுவாள். சளி போனால் இருமல், இருமல் போனால் காய்ச்சல். பத்து மாதத்தில் ஆறு கிலோவைத் தாண்டவில்லை. இதயத்தின் கீழறைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள சுவரில் பெரிய துளை இருப்பதை எக்கோ காட்டியது. குழந்தைகளின் பிறவி இதயக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவது இதுதான், சிறிய துளை பல குழந்தைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும், இவளுடையது அப்படி மூடாது என்று டாக்டர் சொன்னார். உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு துளை வழியாகத் திரும்ப நுரையீரலுக்கே போய்க்கொண்டிருந்தது. தாமதித்தால் நுரையீரலின் ரத்தக்குழாய்கள் தடித்து, பிறகு துளையை மூடியும் பயனில்லாமல் போய்விடும்.

உறவெல்லாம் ஒரே குரலில் "சென்னைக்கு வந்துவிடு" என்றார்கள். மூச்சு வாங்கும் குழந்தையை ஒரு பகலும் ஒரு இரவும் தாண்டும் ரயில் பயணத்தில் தூக்கிப்போக டாக்டருக்குச் சம்மதமில்லை. கொல்கத்தா இந்த வேலைக்குப் புதிய ஊரும் இல்லை. 1992இலேயே டாக்டர் தேவி ஷெட்டி இங்கே, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை செய்திருக்கிறார். ஹூக்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு மருத்துவமனையில் தேதி குறித்தார்கள். மே மாதம்.

அதற்குள் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எடை கூட வேண்டும், ரத்தசோகை தீர வேண்டும், முக்கியமாகச் சளி பிடிக்கக் கூடாது. சளி இருந்தால் மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளும், தேதி சில வாரம் தள்ளிப்போகும். மாமியார் ஊரிலிருந்து கேழ்வரகு கொண்டுவந்தார். கூழில் நெய் விட்டு, கரண்டி கரண்டியாக, அவள் களைக்கும் முன் நிறுத்தி, மறுபடி ஊட்டினோம். இரும்புச் சொட்டு, நீர் பிரியச் சொட்டு, எல்லாவற்றுக்கும் மணி எழுதிய தாளைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தோம். மாமியார் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டார். காகிமா தட்சிணேஸ்வரக் காளி கோயிலுக்குப் போய்ச் செம்பருத்திப் பூ கொண்டுவந்தார். இரண்டும் அவள் தலையணைக்கடியில் ஒன்றாகவே இருந்தன.

அந்த வாரங்களில் நீங்கள் யாரும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. ஒருவருக்குத் தும்மல் இருந்தாலும் ஆபத்து என்று காகிமா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். கேட்டுக்கு வெளியே நின்று விசாரித்தீர்கள். பாத்திரத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு மணியடித்துப் போனீர்கள். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடத்தைக்கூடத் தெருவின் அந்தக் கோடிக்கு மாற்றினீர்கள். குழந்தை தூங்கட்டும் என்று ஒரு தெரு தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு ரத்தத்துக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கே அதுவரை தெரியாது. குழந்தையின் உடம்பில் ரத்தம் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லி. ஆறு கிலோ குழந்தைக்கு 480. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கூட நிரம்பாது. இதயத்தை நிறுத்தித் துளையைத் தைக்கும் நேரத்தில், அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் வெளியே ஒரு இயந்திரம் செய்கிறது. இயந்திரம் ஓடத் தொடங்கும் முன் அதன் குழாய்கள் நிரம்பியிருக்க வேண்டும். வெறும் உப்புநீரால் நிரப்பினால், அது குழந்தையின் ரத்தத்தோடு கலந்து சிவப்பணுக்கள் மிகவும் நீர்த்துவிடும். பெரியவர்கள் தாங்குவார்கள், இவ்வளவு சின்ன உடம்பு தாங்காது. டாக்டரின் கையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாவிட்டாலும், கத்தி படும் முன்பே இன்னொருவர் ரத்தம் இயந்திரத்துக்குள் காத்திருக்க வேண்டும்.

கணவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். அவருக்கும் மகளுக்கும் ஒரே பிரிவு. ரத்த வங்கிப் பெண், பெற்றவர்களின் ரத்தம் குழந்தைக்கு வேண்டாம் என்றார். எங்களுக்குப் புரியவில்லை. எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். கொடுப்பவரின் ரத்தத்தில் வெள்ளையணுக்களும் வரும். வெளியாருடையது என்றால் குழந்தையின் உடம்பு அடையாளம் கண்டு அழித்துவிடும். அப்பா அம்மாவுடையது பாதி தன்னைப் போலவே இருப்பதால் அடையாளம் தெரியாமல் உள்ளே தங்கிவிடலாம். தங்கியபின் அதுவே குழந்தையின் உடம்பைத் தாக்கலாம். மிக அரிதாக நடப்பது, நடந்தால் பிழைப்பது கடினம். கதிர்வீச்சு கொடுத்து அந்த அணுக்களை முடக்கிப் பயன்படுத்தலாம். ஆனால் வெளியார் ரத்தம் கிடைக்கும்போது அதுவே மேல்.

கணவர் அன்று கொடுத்த ரத்தம் யாரோ ஒருவர் வீட்டு நோயாளிக்குப் போனது. எங்கள் மகளுக்கு யாரோ ஒருவர் வர வேண்டியிருந்தது.

பெற்றவரின் ரத்தத்தையே நம்பியிருந்த காலமும் ஒன்று உண்டு. இதே துளையை மனிதர்கள் முதன்முதலாகத் திறந்த இதயத்தில் மூடியது 1954 மார்ச்சில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில். டாக்டர் வால்டன் லில்லஹைக்கு அப்போது இப்படி ஒரு இயந்திரம் கையில் இல்லை. குழந்தையைப் படுக்கவைத்து, அருகில் அதன் தந்தையைப் படுக்கவைத்து, இரண்டு பேரின் ரத்தக்குழாய்களையும் குழாயால் இணைத்தார். மகனின் இதயம் நின்றிருந்த நேரத்தில் தந்தையின் இதயம் இருவருக்கும் சேர்த்து அடித்தது. துளை மூடியது, ஆனால் அந்தக் குழந்தை சில நாட்களில் நிமோனியாவில் இறந்துபோனது. அதன் பிறகும் பெற்றோர்கள் வந்தார்கள். அப்படி அறுவை செய்யப்பட்ட 45 பேரில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. பெற்றவரால் செய்ய முடிந்தவற்றில் அதைவிடப் பெரியது இருக்க முடியாது. எழுபது வருடம் தாண்டி இந்த வேலை எவ்வளவோ பத்திரமாகிவிட்டது. தந்தை படுத்திருந்த இடத்தில் இயந்திரம் நிற்கிறது. அதன் குழாய்களில் ஓடுவது உங்களைப் போன்றவர்களின் ரத்தம்.

கோடையில் இந்த மாநிலத்தில் ரத்தம் குறையும் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். வெயிலில் முகாம் நடத்த முடியாது, கல்லூரிகள் மூடியிருக்கும். சிவப்பணுக்களைக் குளிரில் ஒரு மாதத்துக்குச் சற்று மேலாக வைக்கலாம். தட்டணுக்களுக்கு ஐந்தே நாள். அதுவும் இடைவிடாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். யாரும் முன்கூட்டியே வாங்கி அடுக்கிவைக்க முடியாத பொருள். நான் கிளப் வாசலில் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னபோது, கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றீர்கள். ஒரு தம்பி அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்தான். யார், எந்தப் பிரிவு, கடைசியாக எப்போது கொடுத்தார், எல்லாம் அதில் இருந்தது. ஆணுக்கு மூன்று மாதம், பெண்ணுக்கு நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினான். அந்த நோட்டு என் மகள் பிறப்பதற்குப் பல வருடம் முன்பே தொடங்கியது.

முகாமில் கொடுத்தவர்கள் தங்கள் அட்டைகளை எடுத்துவந்தீர்கள். தன் வீட்டில் யாருக்காவது வேண்டியிருந்தால் காட்டிக் கேட்க வைத்திருந்த அட்டைகள். அட்டை செல்லாத இடத்துக்கு ஆளே வந்தீர்கள். வித்யாசாகர் பாலம் தாண்டி, பஸ் மாறி, உச்சிவெயிலில். டோட்டோ தாதா அன்றைய ஓட்டத்தை விட்டுவிட்டு வந்தார். வாழைப்பழமும் அவித்த முட்டையும் வாங்கிக் கொடுக்கக்கூட எங்களை விடவில்லை. பிறகு பாடாவில் பந்தல் போட்டு முகாம் நடத்தினீர்கள், வெயில் தாழ்ந்த பிறகு, மேசை விசிறிகளை வீடு வீடாக வாங்கிவந்து வைத்து. அதில் சேர்ந்த பைகள் எங்களுக்கென்று அல்ல. எங்களைப் போல் நிற்கும் அடுத்தவர்களுக்கு.

உங்களில் யாருடைய ரத்தம் என் மகளுக்குள் போனது என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை ஒருவருடையதும் இல்லாமல், முர்ஷிதாபாதிலோ மேதினிபூரிலோ இருக்கும் ஒருவருடையதாக இருக்கலாம். பையில் எண்தான் இருந்தது. அவருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல்.

இந்தப் பழக்கம் இங்கே தானாக வளரவில்லை. நாட்டின் முதல் ரத்த வங்கி கல்கத்தாவில்தான் தொடங்கியது. ஆனாலும் வெகுகாலம் காசுக்கு ரத்தம் விற்பவர்களை நம்பித்தான் மருத்துவமனைகள் இருந்தன. 1960களில் ஜாதவ்பூர் பல்கலைக்கழக மாணவர்கள் காசு வாங்காமல் கொடுக்க முன்வந்தார்கள். 1980இல் மேற்கு வங்கத் தன்னார்வ ரத்தக் கொடையாளர் சங்கம் உருவாகி, பள்ளி பள்ளியாக, கிளப் கிளப்பாகப் போய்ப் பேசியது. ரத்த விற்பனையைத் தடை செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னபோது, உங்கள் பாடாக்களில் முகாம் என்பது பூஜைப் பந்தலைப் போல வருடத்து வேலைகளில் ஒன்றாகியிருந்தது. யாரோ ஒரு மாணவர் அன்று வெட்கத்தை விட்டு வீடு வீடாகக் கதவு தட்டியிருக்கிறார். அவர் இன்று தாத்தாவாக இருப்பார். அவருக்கும் நன்றி.

அறுவை நாளைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. மயக்கம் கொடுப்பதற்கு நான்கு மணி நேரம் முன்பே தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார்கள். பசித்து என் மார்பைத் தேடி அழுதவளைத் தோளில் போட்டு நடந்தேன். அறுவை அறைக் கதவு வரை கணவர் தூக்கிப்போனார். மதியம் டாக்டர் வெளியே வந்து, துளை மூடியாயிற்று, இதயம் தானாகவே ஓடுகிறது என்றார். அதன் பிறகு பால் குடிக்கும்போது அவளுக்கு வேர்த்ததில்லை. கீழே விழுந்தால் தெருவே கேட்கும்படி அழுகிறாள். கிரிக்கெட்டும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

என் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பாடாக்காரர்களே, சற்றுப் பொறுங்கள்.

ஷாலிமாரிலிருந்து கிளம்பும் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் சாந்த்ராகாச்சியில் நிற்கும்போது நடைமேடையைப் பார்த்தால் தெரியும். எக்ஸ்ரே உறைகள், பிளாஸ்டிக் கோப்புகள், போர்வை சுற்றிய நோயாளிகள். வங்காளத்துக் குடும்பங்கள் நம் ஊரை நம்பி ஏறுகின்றன. இந்தியாவின் தொடக்ககாலத் திறந்த இதய அறுவைகளில் ஒன்றை 1961இல் செய்துகாட்டிய வேலூர் சி.எம்.சி.க்கு இன்றும் அவர்கள் போகிறார்கள். அங்கே காந்தி சாலையில் கடைப் பலகைகளே வங்க மொழியில் இருக்கின்றன. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலேஸ்வர் அருகே பாஹாநாகாவில் விபத்துக்குள்ளான வண்டியும் இந்தக் கோரமண்டல்தான். அன்றிரவே பாலேஸ்வர் மருத்துவமனையில் உள்ளூர் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். அடிபட்டவர் எந்த மொழிக்காரர் என்று கேட்கவில்லை.

வேலூரிலும் சென்னையிலும் இருப்பவர்களே, தமிழ்நாடு ரத்த தானத்தில் பின்தங்கிய மாநிலம் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் வெளியூர்க் குடும்பம் ஒன்று ரத்த வங்கிச் சன்னலில் நின்று, மாற்று ரத்தம் கொடுக்க ஆள் இல்லாமல் கைப்பேசியில் ஹவுராவைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தால், அருகில் போய் என்ன பிரிவு என்று கேளுங்கள். எனக்காக வித்யாசாகர் பாலம் தாண்டி வந்தவர்களின் அண்ணனோ அத்தையோ அங்கே நிற்கலாம்.

கிளப் தம்பிகளே, இனி உங்களுக்கு. உங்கள் நோட்டில் கணவர் பெயரைச் சேர்த்துவிட்டீர்கள். என் பெயரை மட்டும், பால் கொடுக்கும் தாய், ரத்தமும் குறைவு என்று அன்று எழுத மறுத்தீர்கள். சரிதான். இப்போது மகளுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது, தாய்ப்பாலையும் நிறுத்திவிட்டேன். முருங்கைக்கீரையும் மாத்திரையுமாகச் சாப்பிடுகிறேன், ஹீமோகுளோபின் 12.5ஐத் தொட்டுவிட்டது. எடையும் 45 கிலோவுக்கு மேல். மகாளயாவுக்கு முன் நடத்தும் முகாமுக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அன்று பாப்பாவைக் காகிமா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள்,
மாத்ராஜி பௌதி