கூரை ஒழுகிய வழக்கு

தன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதென்று ஊருக்குச் சொல்வதில் யாருக்கும் பெருமை இல்லை. ஆயினும் என் கூரை ஒழுகியதால் எனக்கு நேர்ந்த நட்டம் சிறிது. இன்னொருவனுக்கு நேர்ந்தது பெரிது. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பாதையில், மகாவலியை அண்டியிருக்கும் சிறு பட்டினம் கெலிஓயா. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில், அங்குள்ள என் வீட்டின் கூரையை மாற்ற எண்ணினேன். பழைய அஸ்பெஸ்டஸ் தகடுகள் பாசி பிடித்து வெடித்திருந்தன. கொந்தராத்து வேலை செய்யும் பாஸ் ஒருவரை அழைத்தேன். வர்ணத் தகரம், புதிய ரீப்பை, பீலி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை பேசி, அரைத் தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். அந்தத் தாளில் பணம் இருந்தது, திகதி இருந்தது. தகரத்தின் தடிப்பு எவ்வளவு, ரீப்பைக்கும் ரீப்பைக்கும் இடையே எத்தனை அடி, ஒரு தகரத்தின் மேல் மறு தகரம் எத்தனை அங்குலம் ஏறவேண்டும் என்பன இல்லை. விடையைத் தெளிவாக எழுதும்படி ஆயிரம் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவன் நான்!

2023 ஜனவரியில் வேலை நடந்தது. வந்த மூவரில் இளையவன் அருகிலுள்ள தோட்டமொன்றின் லயத்தைச் சேர்ந்தவன், இருபது வயதிருக்கும், நாட்கூலி. ஒருநாள் தேநீர் வேளையில் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: “சேர், ரீப்பைய ரொம்ப எட்ட எட்ட அடிச்சிருக்கு. தகரம் தொய்ஞ்சிரும். பாஸ்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.”

கேட்டேன். “இருபது வருசமா இதுதான் சேர் என் தொழில். நேத்து வந்த பையன் பேச்சைக் கேக்கிறீங்களா?” என்று பாஸ் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்று நாணமாயிருக்கிறது.

கழற்றிய தகடுகளில் உடையாதவற்றை அந்த இளைஞன் கேட்டான். அவன் லயத்துக் கூரைத் தகரம் துருவேறி ஓட்டையாகிவிட்டதாம்; காற்றுக்குப் பறக்காமல் கல் ஏற்றி வைத்திருக்கிறார்களாம். எடுத்துக்கொள் என்றேன். தருமம் செய்த நிறைவு எனக்கு!

எதைத் தருமம் செய்தேன்? அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகுத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் அதைத் தடைசெய்துவிட்டது. 2018 முதல் அதன் இறக்குமதியை நிறுத்த இலங்கையும் முடிவு செய்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதென்று கூறி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை நமக்கு விற்கும் நாடும் அதுவே. நம் அரசு தன் முடிவைக் கைவிட்டது. சில நாட்களில் ரஷ்யாவின் தடையும் நீங்கியது. தேயிலை விற்பதற்காக நாடு அஸ்பெஸ்டஸை ஏற்றுக்கொண்டது. அந்தத் தேயிலையைப் பறிக்கும் குடும்பத்தின் தலைக்கு மேல் நான் அதை ஏற்றி வைத்தேன்.

சித்திரையின் இடிமழையில் என் கூரை முதன்முதலாக ஒழுகியது. பாஸ் வந்து ஆணித் துவாரங்களில் பசை பூசினார். மறுபடி ஒழுகியது; மறுபடி பூசினார். பிறகு “நாளைக்கு வாறேன் சேர்” என்ற வார்த்தை மட்டுமே வந்தது. மே இறுதியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. தொய்ந்த தகரங்களின் பொருத்துகள் வாய் திறந்து, காற்று அடித்த பக்கமெல்லாம் நீர் உள்ளே வந்தது. புத்தக அலுமாரிக்குக் கீழே வாளி, கட்டிலுக்குப் பக்கத்தில் சட்டி.

சட்டத்தைப் புரட்டினேன். பெற்ற சேவை தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட்டிருக்க வேண்டுமென்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. ஆனால் முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பாஸின் ‘நாளைகள்’ அந்த மூன்று மாதங்களையும் தின்றுவிட்டிருந்தன. எஞ்சியது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இச்சபையில் வழக்கறிஞருக்கு இடமில்லை. இரு தரப்பாரும் நேரே இருந்து பேச வேண்டும்.

ஒரு விடுமுறை நாளில், பாடசாலை வகுப்பறையொன்றில் எதிரெதிரே அமர்ந்தோம். பாஸ் தம் தவறை மறுக்கவில்லை, இடம் மாற்றினார். “தோட்டத்துப் பையனை நம்பி விட்டேன். அவன்தான் ரீப்பையைப் பிழையாக அடித்துவிட்டான்” என்றார். அது பொய்யென்று எனக்குத் தெரியும். ஆயினும் அடுத்த வாக்கியத்திலேயே, “என் செலவிலேயே திருத்தித் தருகிறேன்” என்றார். இணக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. கையொப்பமிட்டேன்.

சொன்னபடியே ரீப்பைகள் நெருக்கி அடிக்கப்பட்டன. கூரை நின்றது. ஆனால் அந்த இளைஞன் வேலைக்கு வரவில்லை. விசாரித்தபோது மூத்த தொழிலாளி சொன்னார்: திருத்தச் செலவுக்கென்று அவனது எட்டு நாட் கூலியைப் பிடித்துக்கொண்டு, வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டாராம்.

கூரையில் விழும் நீர் முகட்டில் நிற்பதில்லை; தாழ்வாரத்துக்கு ஓடிவிடும். நம் சமூகத்தில் குற்றமும் அப்படித்தான் ஓடுகிறது. என்னிடம் உறுதி இருந்தது, ஒப்பந்தத் தாள் இருந்தது, அழைத்தால் கேட்க ஒரு சபை இருந்தது. அவனிடம் எது இருந்தது? நியமனக் கடிதமில்லை. லயம் அவன் குடும்பத்துக்குச் சொந்தமில்லை. கூரை மாற்றத் தோட்ட நிர்வாகத்தின் தயவு வேண்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட முடியாதவாறு இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். கெலிஓயாவுக்கு அயலிலுள்ள கம்பளைப் பக்கத்தில் கோப்பித் தோட்டம் தொடங்கியது 1820களில். என் கூரை ஒழுகிய அதே 2023இல், மலையக மக்கள் தம் இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த நடையில் அவர்கள் கேட்டவற்றுள் காணியும் வீடும் இருந்தன. கேட்டது மாளிகையல்ல, தமக்கென்று ஒரு கூரை.

எட்டு நாட் கூலியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவன் வாங்கவில்லை. “காசு வேணாம் சேர். நான் முன்னாடியே சொன்னேன்னு அங்க நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே” என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

அன்றிரவே நடந்ததை நடந்தபடி எழுதி, ஒரு பிரதியைப் பாஸுக்கும் ஒரு பிரதியை மத்தியஸ்த சபைக்கும் அனுப்பினேன். இளைஞன் எச்சரித்தான்; அதைக் கேளாதவன் நான்; மௌனமாக இருந்தவனும் நான் என்று எழுதினேன். சில வாரங்களில் ஐந்து நாட் கூலி அவன் கைக்கு வந்தது. மூன்று நாட் கூலி இன்னும் வரவில்லை.

வந்த செய்தியைச் சொல்ல மீண்டும் லயத்துக்கு வந்தபோது, நான் கொடுத்த தகடுகளின் கேட்டையும் சொன்னேன். வெட்டவோ துளையிடவோ வேண்டாம், தூசு நெஞ்சுக்குள் போகும், கழற்றிவிடுவதே நல்லது என்றேன். அவன் தாய் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“கழட்டிட்டு எதைப் போடுறது, ஐயா?” என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவருக்குப் பதில் சொல்லவேண்டியவர்களும் அந்த வாசலுக்கு வந்ததில்லை.